துமாதிர் பெயரில் ஒரு ஜாடித் தண்ணீர்

நிழல் விழுந்தும் புழுக்கள் ஓடவில்லை.

பத்தூல் ஜாடியின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். கொசுப்புழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும்; ஆள் நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்துகொள்ளும். சுகாதார வேலைக்கு வந்த நாளிலிருந்து பீப்பாய், பழைய டயர், ஆட்டுக்குத் தண்ணீர் வைத்த தகரம் என்று எதில் எட்டிப் பார்த்தாலும் அவள் கண்டது அதைத்தான். ஹுஸ்னா வீட்டு வாசலில் இரும்புக் காலின் மேல் உட்கார்ந்திருந்த இந்தப் பெரிய மண்ஜாடியில் மட்டும் அவை மேலே வந்தன. அடியில் கிடந்தவைகூட ஏறி வந்தன. அவள் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் கூடி, தலையின் வட்டம், தோளின் சரிவு என்று நிழலின் விளிம்புவரை நிறைந்து நின்றன.

அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அவையும் நகர்ந்தன.

"என்ன அக்கா, கண்ணாடி பாக்குறியா?" தெருவிலிருந்து, கூட வேலை செய்யும் ஓஷேக்கின் குரல். புகை மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். "கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, நீ நல்லாத்தான் இருக்கேன்னு."

"உன் வாய்க்குத்தான் முதல்ல புகை போடணும். மிஷினுக்கு மருந்து ஊத்துடா, பொழுது சாயுது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் பத்தூல் ஜாடியின் மூடியைப் பிடித்தபடியே நின்றாள்.

போர்ட் சூடானில் குழாயில் தண்ணீர் வருவது பணக்காரத் தெருக்களில்தான். மற்ற எல்லோருக்கும் கழுதை வண்டிதான். வண்டி என்றைக்கு வரும், என்ன விலை சொல்வான் என்பது வண்டிக்காரனுக்கே தெரியாது. அதனால் வந்த அன்றைக்கே வீட்டிலிருக்கும் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். அந்தத் தண்ணீரில் கொசு முட்டை போடும். மழைக்காலம் தொடங்கியதும் எலும்பை முறித்துப் போடும் காய்ச்சல் வரும். பத்தூலின் வேலை வீடு வீடாகப் போய்ப் புழு இருக்கும் தண்ணீரைக் கொட்டுவது, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வைப்பது, மருந்து போடுவது, பார்த்து முடித்த வீட்டுக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுவது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைக் கொட்டினால் எவள்தான் திட்டமாட்டாள்? அவள் வாங்காத திட்டு அந்தக் குடியிருப்பில் பாக்கி இல்லை.

ஆனால் இந்த ஒரு ஜாடியை மட்டும் அவள் இத்தனை நாளாகத் தொட்டதில்லை. போன வருஷக் காய்ச்சலில் ஹுஸ்னாவின் ஒரே மகள் துமாதிர் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வழிந்து செத்துப்போனாள். கடைசி நாள் முழுக்க தண்ணீர், தண்ணீர் என்றே கேட்டாளாம். நாற்பதாம் நாள் கழிந்ததும் ஹுஸ்னா வாசலில் இந்த ஜாடியை வைத்தாள். வழியில் போகிற யாரும் குடிக்கலாம். குடிக்கிறவன் தாகம் தீரும், நன்மை துமாதிருக்குச் சேரும். "மருந்து போட்றாதே மகளே," என்று பத்தூலின் கையைப் பிடித்துக்கொண்டாள் அன்றைக்கு. "நாத்தம் அடிச்சா யாரும் குடிக்க மாட்டாங்க. யாரும் குடிக்கலன்னா எம்புள்ளைக்கு அங்க என்ன போய்ச் சேரும்?" பத்தூல் ஜாடியைத் திறந்துகூடப் பார்க்காமல் கதவில் கோடு போட்டுவிட்டு வந்தாள். இறந்தவர் பெயரில் வைத்த தண்ணீரைக் கொட்டுகிற மனசு அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. அவளுக்கும் ஒரு பெண்பிள்ளை இருந்தது.

அந்தப் பிள்ளைக்குத்தான் பிறகு காய்ச்சல் வந்தது. ஷாமாவுக்கு ஆறு வயது. பிழைத்துவிட்டாள், ஆனால் கழுத்து நரம்பு தெரிய இளைத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பத்தூலைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வந்தா இந்த உடம்பு தாங்காதும்மா. ஒரு கொசு அண்டவிடாதே," என்றார். வீட்டுக்கு வந்து அவள் முதலில் செய்த வேலை, தெருவில் எந்த வீட்டுத் தண்ணீரைத் தான் பார்க்காமல் விட்டோம் என்று யோசித்ததுதான். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று கொட்டிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். ஹுஸ்னா அழுவாள், சாபம் கொடுப்பாள், தெருவே கூடும். வரும்போதே பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள்.

கதவு திறந்தது. ஹுஸ்னா வெளியே வந்து நின்றாள். உடம்பைச் சுற்றிய துணியின் ஓரம் நனைந்து தரையில் இழுபட்டது. முகம் பழந்துணிபோல வெளுத்திருந்தது, உதட்டில்கூட நிறமில்லை. ஆனாலும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள்.

"கொட்டத்தானே வந்தே? கொட்டிக்கோ மகளே."

பத்தூல் ஜாடியின் மூடியைக் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க அக்கா. புழு வெச்சுப்போச்சு. புள்ளைங்க இருக்கிற தெரு."

"நான் எதுக்குக் கோவிச்சுக்கப் போறேன்? இனிமே வாசல்ல எதுக்கு? அவதான் உள்ளயே வந்துட்டாளே."

ஓஷேக் மிஷினைக் கீழே வைத்தான். பத்தூல் அவனைப் பார்த்தாள். அவன் விரலை நெற்றிப்பொட்டில் வைத்து லேசாகச் சுழற்றிக் காட்டினான். இருவருமாக ஜாடியைச் சாய்த்தார்கள். தண்ணீர் மணலில் பரவி உறிஞ்சப்பட்டது. மணல்மேல் மிஞ்சிய புழுக்கள் துடிக்கவில்லை. எல்லாம் வீட்டுப் பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தன. பத்தூல் காலால் மணலைத் தள்ளி அவற்றை மூடினாள்.

"உள்ளேயும் பாக்கணும் அக்கா," என்றாள்.

"வா. அவளும் உன்னைப் பாக்கட்டும்."

ஆண்துணை இல்லாத வீட்டுக்குள் ஓஷேக் கால் வைக்க முடியாது. இந்த வேலைக்குப் பெண்களை எடுத்ததே அதற்காகத்தான். "நான் வாசல்லயே இருக்கேன். அஞ்சு நிமிஷத்துல வந்துரு, பாங்குக்கு முன்னாடி புகை போட்டு முடிக்கணும்," என்றான். குரலில் கிண்டல் இல்லை. பத்தூல் வரும்வரை தெருவைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டான்.

பலகை வேலிக்கு உள்ளே முற்றம். வெளியே கடல் காற்றும் வறுத்த காப்பிக்கொட்டை மணமும் இருக்க, உள்ளே ஈரமண்ணின் வாடையும் நாள்பட்ட சாம்பிராணியும், அவற்றுக்கு அடியில் காசைக் கையில் ரொம்ப நேரம் வைத்திருந்தால் வருமே, அந்த இரும்பு வாடையும் தேங்கி நின்றன. பத்தூல் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டாள். பிறகுதான் தரையைப் பார்த்தாள்.

முற்றம் முழுக்கத் தண்ணீர் வைத்திருந்தது. வாளியிலும் அண்டாவிலும் வைத்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். தேநீர் கிளாஸ்களில், காப்பி குடிக்கும் குட்டிக் கிண்ணங்களில், டப்பா மூடிகளில், முகப்பவுடர் டின்னில், உடைந்த தட்டின் குழிவில், சுவரோரம் ஒழுங்காக ஜோடியாக வைத்திருந்த குழந்தைச் செருப்புகளின் குதிகால் பள்ளத்தில்கூட விளிம்பு தட்டத் தண்ணீர் இருந்தது. ஒவ்வொன்றிலும் மேல்மட்டம் துடித்துக்கொண்டிருந்தது. சாயும் வெளிச்சத்தில் அந்த முற்றமே மெல்லக் கொதிப்பதுபோலிருந்தது.

"இவ்வளவும் எதுக்கு அக்கா?"

"அவ எங்க வந்து நிப்பான்னு தெரியாதே. எங்க நின்னாலும் கைக்கு எட்டணும்ல?" ஹுஸ்னா குனிந்து ஒரு கிளாஸை நேராக்கி வைத்தாள். துணி விலகியபோது அவள் முன்கை தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் தடித்துச் சிவந்து, ஊசி குத்தியதுபோன்ற புள்ளிகளாகவே இருந்தது. "தாகம் தீரவே மாட்டேங்குது அவளுக்கு. கேட்டுக்கிட்டே இருக்கா."

பத்தூலுக்குப் பயமாக இருந்தது. அதைவிட இரக்கமாக இருந்தது. மகள் செத்த துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது, அவ்வளவுதான். இதே கதி தனக்கும் வந்திருக்கும், நூலிழையில் தப்பியது. அப்படி நினைத்ததுமே ஷாமாவின் இளைத்த கழுத்து கண்முன் வந்தது. அவள் குனிந்து கிளாஸ்களைக் கவிழ்க்கத் தொடங்கினாள்.

ஹுஸ்னா தடுக்கவில்லை. பின்னாலேயே வந்தாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. தண்ணீர் மணலில் விழும் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் இருப்பதைப் பத்தூல் அப்போதுதான் கவனித்தாள். எப்போதிருந்து கேட்கிறது என்று தெரியவில்லை. மெல்லிய ரீங்காரம். அறைக்குள்ளிருந்து வந்தது, திரைக்குப் பின்னாலிருந்து. அவள் ஒவ்வொரு கிளாஸைக் கவிழ்க்கும்போதும் அது ஒரு பிடி உயர்ந்தது. கையை நிறுத்தினால் அதுவும் தணிந்தது. பேசுபவள் மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருப்பதுபோல.

காதுதான் இரைகிறது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்று வராத அறை, வெக்கை, கொசு நிறைய இருக்கும். இருக்கத்தான் செய்யும். அதற்குத்தானே வந்திருக்கிறோம்.

திரையை விலக்கினாள்.

அறையில் ஜன்னல் இல்லை. கயிற்றுக் கட்டில் ஒன்று. மூலையில் இன்னொரு பெரிய ஜாடி. எதிர்ச்சுவரில் ஆணியில் ஒரு சின்னப் பிள்ளையின் கவுன் தொங்கியது. கறுப்புக் கவுன். துக்கத்துக்குக்கூட அந்த ஊரில் குழந்தைக்குக் கறுப்பு உடுத்த மாட்டார்களே என்று ஒரு நினைப்பு வந்து போனது. காற்றே இல்லாத அறையில் கவுன் லேசாக உப்பி, பிறகு தளர்ந்தது. மறுபடி உப்பியது.

பத்தூல் அந்தப் பக்கம் பார்க்காமல் ஜாடியின் அருகே போனாள். கையை வைப்பதற்குள் ஹுஸ்னா குறுக்கே வந்து தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இது வேண்டாம்."

"அக்கா, இதுலதான் எல்லாமே பெருகுது. எம்புள்ளைக்குத் திரும்ப வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்களுக்குத் தெரியாததா?"

"அப்போ எம்புள்ளைக்கு?" ஹுஸ்னா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "வாசல்ல இருந்ததைக் கொட்டிட்டே. முற்றத்துல இருந்ததைக் கொட்டிட்டே. இதையும் கொட்டிட்டா அவளுக்கு யாரு குடுப்பா? சொல்லு. தாகத்தோடயே போன புள்ள."

துக்கவீட்டில் எல்லோரும் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. அழுகிறவளைத் தேற்றுவதற்கு, உன் பிள்ளை பெயரில் இனி நானும் கொடுக்கிறேன் என்பார்கள். சொல்பவளுக்கும் கேட்பவளுக்கும் அது ஆறுதல் என்று தெரியும். யாரும் பிறகு வந்து கணக்குக் கேட்பதில்லை. பத்தூல் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறாள். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இந்த அறையைவிட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

"நான் குடுக்கிறேன் அக்கா," என்றாள். "என் வீட்டுல, என் கையால. துமாதிர் பேருல நான் குடுக்கிறேன். நிய்யத்து வெச்சுட்டேன், மனசார நேர்ந்துக்கிட்டேன். போதுமா? இப்போ கையை எடுங்க."

ரீங்காரம் நின்றது.

ஹுஸ்னா கையை எடுத்தாள். திரும்பி, சுவரைப் பார்த்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் பேசுவதுபோலக் கேட்டாள். "கேட்டுக்கிட்டியாம்மா? அந்த அக்கா வீட்டுல குடுக்கிறாங்களாம். போய்க் குடிச்சுக்கோ."

பத்தூல் கவுனைப் பார்த்தாள்.

அதன் விளிம்பு மஞ்சளாகியிருந்தது. ஒரு விரல் அகலம். பிறகு ஒரு கை அகலம். கறுப்பு கீழிருந்து மேலாக உரிந்துகொண்டே போனது. அடியில் மஞ்சள் துணி, சின்னச் சின்ன சிவப்புப் பூ. இடுப்பு. மார்பு. கழுத்து. கடைசியில் ஆணியில் தொங்கியது வெறும் மஞ்சள் கவுன்.

உரிந்தது எங்கே?

முகத்தின் மேல் ஈரத்துணி ஒன்று இழுபட்டதுபோல் இருந்தது. சத்தமே இல்லை. அவளைக் கடந்து போனது. ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை. திரை உப்பியது, தளர்ந்தது.

"போயிட்டா," என்றாள் ஹுஸ்னா. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லா இருப்பே மகளே. நான் கொஞ்சம் தூங்கணும்."

பத்தூல் ஜாடியைக் கொட்டவில்லை. அதை மறந்தேபோனாள். முற்றத்துக்கு ஓடிவந்தபோது தெருவில் புகை மிஷின் கர்ரென்று கத்திக்கொண்டிருந்தது. பலகை இடுக்கு வழியாக வெள்ளைப் புகை உள்ளே வந்து கண்ணைக் கரித்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. சாத்திவிட்டுத்தான் உள்ளே போயிருந்தாள்.

ஓஷேக் மிஷினை அணைத்தான். "யாரு அக்கா அந்தப் பொண்ணு? இந்த வீட்டுல புள்ளையே இல்லைன்னுதானே சொன்னே? புகைக்குள்ள போகாதேன்னு தொண்டை கிழியக் கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"எந்தப் பக்கம்?"

"உன் தெருப் பக்கம்தான். ஏன், என்ன ஆச்சு? அக்கா!"

அவள் ஓடிக்கொண்டிருந்தாள். தெரு முழுக்கப் புகை. புகையில் தூரத்தில் ஓர் இடம் மட்டும் தெளிந்திருந்தது. குறுகலாக, இடுப்பு உயரத்துக்கு. புகை அதற்குள் போகவில்லை, சுற்றிக்கொண்டு போனது. அந்த இடம் நகர்ந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள். அதுவும் கூட்டியது. முனையில் திரும்பியது. அவள் வீடு இருக்கும் முனை.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு தொடங்கியது. புருஷன் தாஹிர் தொழப் போயிருப்பான். பிள்ளை தூங்குகிறாள், வலையை நன்றாகச் செருகிவிட்டு ஒரு எட்டுப் போய்விட்டு வருவோம் என்று போயிருப்பான். எப்போதும் போவதுதான். நல்ல மனுஷன், அவனை என்ன சொல்ல?

தண்ணீர். தண்ணீர் வைக்க வேண்டும். சொன்னபடி வாசலில் வைத்துவிட்டால் குடித்துவிட்டுப் போய்விடும். அவ்வளவுதானே? அவ்வளவுதான். யா அல்லா, அவ்வளவாக மட்டும் இருக்கட்டும்.

அவள் வீட்டு வாசலில் தண்ணீர் எதுவும் இல்லை. முற்றத்திலும் எதுவும் இல்லை. அவள் வீட்டில் கிளாஸைக் கழுவினால் கவிழ்த்துத் துடைத்துத்தான் வைப்பாள். இருந்தது ஒரே பீப்பாய். அதன் வாயைத் துணி போட்டுக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தாள். ஊருக்கெல்லாம் அவள் கற்றுக்கொடுத்த முடிச்சு. இப்போது விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்தாள். நகம் பிய்ந்தது. துணியைக் கிழித்துக் கோப்பையை முக்கி எடுத்தாள். வாசலை நோக்கித் திரும்பினாள்.

உள்ளே யாரோ பேசுவது கேட்டது.

ஷாமாவின் குரல். மெதுவாக, ரகசியமாக. நடுவில் ஒரு சிரிப்பு, கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"ஷாமா?"



பத்தூல் கோப்பையோடு அறைக்குள் போனாள். இருட்டு. கட்டிலின் மேல் கொசுவலை. வலையின் நான்கு ஓரமும் மெத்தைக்கடியில் செருகியபடியே இருந்தன. ஒரு இடத்திலும் விலகவில்லை. உள்ளே ஷாமா எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை முன்னால் நீட்டியிருந்தாள். அவளுக்கு எதிரே, மெத்தையில், இன்னொருத்தி உட்கார்ந்த அளவுக்குப் பள்ளம்.

"குடி," என்று சொல்லிக் கோப்பையை நீட்டினாள் பத்தூல். "தண்ணி கொண்டாந்துட்டேன். இங்க வந்து குடி. அவளை விட்டுரு."

"சத்தம் போடாதம்மா," என்றாள் ஷாமா. தூக்கக் கலக்கத்தில் குழறியது. "அவளுக்கு ரொம்ப தாகமா இருக்காம். வீட்டுல எங்க தேடியும் சொட்டுத் தண்ணி இல்லையாம். நாம குடுக்கிறோம்னு நீதான் சொன்னியாமே."

பத்தூலின் கண் இருட்டுக்குப் பழகியது. அன்று காலையில் அவள் ஷாமாவுக்குப் போட்டுவிட்டது கையில்லாத சட்டை. நீட்டியிருந்த கைக்கு மட்டும், விரல் நுனியிலிருந்து முழங்கைவரை, கறுப்பாக ஒரு சட்டைக்கை இருந்தது. அது மெல்ல உப்பியது, தளர்ந்தது.

கோப்பைத் தண்ணீரை யாரும் தொடவில்லை. கறுப்பு முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறிக்கொண்டிருந்தது.